குளத்துப்புழை அய்யனுக்கு ஒரு மீனூட்டு

கோடை லீவு விட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஊர் நினைப்பே வராது. கேரளாவில் குளத்துப்புழை மாமா வீடுதான். சுற்றிலும் ரப்பர் மரம், நடுவே வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், முற்றத்துக்கு முற்றம் ஒட்டுப்பால் வாடை. புதுசாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அதுதான் லீவு தொடங்கியதற்கு அடையாளம்.

இந்தியாவும் இலங்கையும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட சனங்களுக்காகப் போட்ட ரப்பர் தோட்டம் அது. மாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு, என் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாயி வந்து இறங்கியது இந்தக் காட்டில்தான். கொழுந்து பறித்த கைக்கு ரப்பர் வெட்டு புதுசு. பாஷையும் புதுசு. மாமா இன்றைக்கும் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறார். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதுவார்கள், சண்டை மட்டும் சுத்தத் தமிழில் போடுவார்கள்.

இந்த வருஷம் சித்தி குடும்பம், பெரியம்மா குடும்பம் எல்லாரும் ஒன்றாகக் கூடியதற்கு என் சின்னவன்தான் காரணம். போன வருஷம் அவன் வலது கையில் மரு முளைத்து, விரல் இடுக்கெல்லாம் பரவி, பென்சில் பிடிக்கவே கூச்சப்பட்டான். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்ட அத்தை போனிலேயே, "அய்யனுக்கு மீனூட்டு நேந்துக்கிட்டேன், பாத்துக்கிட்டே இரு" என்றார். குளத்துப்புழை சாஸ்தா கோயில் ஆற்று மீன்களுக்குப் பொரி போடுகிற வேண்டுதல் அது. களிம்பும் போட்டோம், வேண்டுதலும் இருந்தது. தை மாசத்துக்குள் ஒன்றுவிடாமல் உதிர்ந்து கை வழவழவென்று ஆகிவிட்டது. எது உதிர்த்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. நேர்ந்ததைச் செலுத்த வேண்டும், அவ்வளவுதான்.

தென்காசியிலிருந்து வேனில் கிளம்பினோம். புளியரை எஸ் வளைவுக்கு முன்னாலேயே வண்டி நின்றது. கேரளாவுக்கு ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிப்போகிற லாரிகள் மலையடிவாரம் வரைக்கும் வால் நீட்டி நின்றன. இந்த ரோட்டில் சாமி கும்பிடப் போகிறவன் முதலில் லாரியைக் கும்பிட வேண்டியிருக்கிறது. ஏறுகிற லாரி ஒன்று வளைவில் மூச்சுவாங்கி நிற்க, அதன் புகை முழுக்க எங்கள் வேனுக்குள். பிள்ளைகள் ஒருத்தன் மாற்றி ஒருத்தன் வாந்தி. கோட்டைவாசல் தாண்டிக் காட்டுக் காற்று முகத்தில் அடித்தபிறகுதான் சித்திக்குப் பேச்சே வந்தது. அதுவரை அவர் "சாஸ்தாவே, சாஸ்தாவே" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை.

மாமா வீட்டில் அத்தை மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். மீனூட்டு முடியும்வரை மீன் வாசமே கூடாதாம். மரவள்ளிக் கிழங்குக்கு மத்திக் குழம்பு கேட்ட பெரியப்பாவுக்குக் காந்தாரி மிளகாய்த் துவையல்தான் கிடைத்தது. ராத்திரி கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்து, பலாப்பழம் தின்ற வயிறுகள் புரண்டுகொண்டிருந்தன.

விடிகாலையில் ஆற்றில் முங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனோம். விஷு உற்சவம் முடிந்திருந்ததால் காலியாக இருக்கும் என்று மாமா சொன்னார். லீவுக் கூட்டத்தை அவர் மறந்துவிட்டார். போதாததற்கு ஒருவர் வழியை மறித்து, "சீட்டெல்லாம் எதுக்கு, பொரி என்கிட்ட இருக்கு, நேரா படித்துறைக்குப் போங்க" என்று கூடவே வந்தார். அவர் சொன்ன விலைக்கு அந்த மீன்களுக்கு இலை போட்டுச் சாப்பாடே போடலாம். அத்தை மலையாளத்தில் கொடுத்த கொடுப்பில் ஆள் நகர்ந்தார். வழிபாட்டுச் சீட்டு எடுத்து, ஆண்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம்.

பால சாஸ்தா. எட்டுத் துண்டாக உடைந்த கல்லில் குடியிருக்கிற குழந்தை. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தனமும் பூவும்தான். கேட்க வேண்டியதையெல்லாம் மறந்து நின்றேன். பின்னாலிருந்து நெருக்கினார்கள், வெளியே வந்துவிட்டேன்.

தரிசனம் எனக்குக் கிடைத்தது படித்துறையில்தான்.

அங்கேயும் ஒரு கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு காரச் சிப்ஸை ஆற்றில் வீசி, மீன் துள்ளுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. திருமக்கள் என்று ஊரே கும்பிடுகிற மீன்கள். தூண்டில் போடாத ஆறு. அதற்கு மிளகாய்ப்பொடி! மாமா போய்ச் சத்தம் போட்ட பிறகு ஒதுங்கினார்கள்.

அம்மாயியைக் கைத்தாங்கலாகக் கடைசிப் படியில் உட்கார வைத்தோம். கோடையில் தண்ணீர் குறைந்திருந்ததால் கருத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிவது தெளிவாகத் தெரிந்தது. சின்னவன் பயந்து என் சேலைக்குள் ஒளிந்தான். அம்மாயி அவன் கையைப் பிடித்து, பொரியை வைத்து, தன் கையோடு சேர்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். ஒரு பெரிய மீன் வந்தது. பொரியை எடுக்கவில்லை. விரல் இடுக்குகளில், மரு இருந்த அதே இடங்களில், வாயை வைத்து வைத்து எடுத்தது. அப்புறம் பின்னால் ஒரு பட்டாளமே வந்து மொய்த்தது. சின்னவன் கூச்சத்தில் "கிச்சுகிச்சு மூட்டுது" என்று கத்திச் சிரிக்கிறான். அம்மாயி அழுகிறாள்.

அய்யன்மேல் ஆசைப்பட்டு வந்த மச்சகன்னிக்கு இந்த ஆற்றிலேயே இருந்துகொள் என்று அவன் வரம் கொடுத்த கதையை அவள் எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். குழந்தை சாமிமேல் எப்படி ஆசைப்பட்டாள் என்று மாமா மகள் இடக்காகக் கேட்டு, "தொணதொணக்காத" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அன்றைக்கு அம்மாயி கதையை முழுசாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கருந்தோ வந்தவளுக்கே இந்த ஆத்துல எடம் குடுத்தவன்டி. கப்பலேத்தி விட்டுட்டாங்களே, இனி எங்க போவோம்னு வந்து நின்னப்ப, இந்தப் படியிலதான் உக்காந்திருந்தேன். ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல். கையில பொரி வாங்கக் காசில்ல. அப்பவும் இதுக வந்து மோந்து பாத்துச்சுக" என்றாள்.

எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அம்மா அப்படியே தண்ணீரில் இறங்கிக் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அம்மாயியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மீதிப் பொரி முழுக்க அம்மாவே போட்டார், யார் கையிலும் கொடுக்கவில்லை. அய்யனே, என் பிள்ளை கைக்கு நன்றி சொல்ல வந்தேன். என் அம்மா உயிருக்கும் சேர்த்து, இந்த வீட்டுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சேர்த்து, எங்களை நீ எப்போதோ ஏற்றுக்கொண்டதற்கு நான் எந்தச் சீட்டு எடுத்துக் கட்டுவேன்! என்னென்னவோ உளறிக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மலையாளத்து அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது ஆரியங்காவு அய்யன் கோயிலில் நிறுத்தினோம். மாமா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், கல்யாணக் கோலத்து அய்யனைப் பார்க்காமல் அத்தை மலை தாண்ட விடுவாரா? அய்யனுக்குப் புஷ்கலையைப் பெண் கொடுத்த சம்பந்திகளாக மதுரை சௌராஷ்டிரக்காரர்கள் வந்து நடத்துகிற திருக்கல்யாணம் டிசம்பரில். வேனில் ஏறியதும் அத்தை சொன்னார்: "இவளுக்கு ஆவணிக்குள்ள அமைஞ்சிட்டா டிசம்பருக்கு எல்லாரும் வர்றோம்னு சொல்லிட்டேன். அரைப் பரீட்சை, ஆபீஸ் லீவுன்னு யாரும் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."