நாற்பத்தொரு வயதில் டோரதி கேம்பெல்

டோரதி கேம்பெலைப் பற்றிப் பேசுவோர் 1909ஆம் ஆண்டைத்தான் முதலில் குறிப்பிடுவார்கள். அவ்வாண்டு இங்கிலாந்தின் பர்க்டேலில் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் கோல்ஃப் பட்டத்தையும், பிலடெல்ஃபியாவை அடுத்த மெரியனில் அமெரிக்கப் பட்டத்தையும் வென்று, இரண்டையும் ஒரே ஆண்டில் கைப்பற்றிய முதல் பெண்ணானார். அது பெரிய சாதனைதான். ஆயினும் அவருடைய ஆட்ட வாழ்வில் நான் மிகவும் மதிப்பது 1924ஆம் ஆண்டையே.

அவர் 1883இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நார்த் பெரிக்கில் பிறந்தார். கடற்காற்று வீசும் அவ்வூர்த் திடலில் உயரத் தூக்கி அடித்த பந்தைக் காற்று திசைமாற்றிவிடும் என்பதால், குழியை நெருங்கியதும் பந்தைத் தரையோடு உருளவிடத் தெரிந்தவருக்கே அங்கே மதிப்பு. டோரதியின் கைத்திறனும் அதில்தான் இருந்தது. கழுத்து சற்றே வளைந்த மாஷி என்னும் இரும்பு மட்டை ஒன்றுக்கு ‘தாமஸ்’ என்று பெயரிட்டு வைத்திருந்தார். அந்த மட்டையால் மெல்லத் தட்டினால் பந்து தாழ்வாக எழும்பி, புல்லில் விழுந்து, குழியை நோக்கி ஓடும்.

ஸ்காட்லாந்துப் பட்டத்தை 1905, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1908இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் இறுதியாட்டத்தில் மாட் டிட்டர்டனிடம், பதினெட்டுக் குழிகளும் சமநிலையில் முடிந்தபின் கூடுதலாக ஆடிய பத்தொன்பதாவது குழியில்தான் தோற்றார். 1910இல் கனடாவில் குடியேறி, அந்நாட்டுப் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தார். இடையில் அமெரிக்கப் பட்டத்தை மீண்டும் ஒருமுறையும், 1911இல் போர்ட்ரஷில் பிரிட்டிஷ் பட்டத்தையும் வென்றார். 1913இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜாக் ஹர்டை மணந்தார். அதன்பின் பல ஆண்டுகள் தேசியப் பட்டம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை.

அதற்குள் ஆட்டமே மாறிவிட்டது. க்ளென்னா காலெட் போன்ற இளையவர்கள் பந்தை வெகுதொலைவு அடித்தார்கள். நாற்பதை எட்டிய டோரதி, நார்த் பெரிக்கைச் சேர்ந்த பயிற்சியாளர் ஜார்ஜ் சேயர்ஸின் உதவியோடு, விரல்கள் அனைத்தும் மட்டையைப் பற்றும் தன் பழைய பிடியையே கைவிட்டு, வலக்கைச் சுண்டுவிரலை இடக்கைச் சுட்டுவிரல்மேல் ஏற்றிப் பிடிக்கும் முறைக்கு மாறினார். இத்தனை பட்டங்களை வென்று தந்த பிடி அது. சிறுவயது முதல் கைக்குப் பழகிப்போனதும்கூட. பணப்பரிசு ஏதுமற்ற அமெச்சூர் ஆட்டத்துக்காக அதை உதறிவிட்டு அடிப்படையிலிருந்து பழகிய மனத்திண்மையை என்னால் வியக்காமல் இருக்க இயலவில்லை.

1924இல் ரோட் ஐலண்டில் நடந்த அமெரிக்கப் போட்டியில், டென்னிஸ் வீராங்கனையாகப் புகழ்பெற்ற மேரி பிரவுன் அரையிறுதியில் காலெட்டைத் தோற்கடித்து, இறுதியாட்டத்தில் டோரதியை எதிர்கொண்டார். ஒவ்வொரு குழியையும் குறைந்த அடிகளில் முடிப்பவர் அக்குழியை வெல்லும் ஆட்டமுறை அது. இன்னும் ஆறு குழிகள் எஞ்சியிருக்கையில் ஏழு குழிகள் முன்னிலை பெற்று டோரதி ஆட்டத்தை முடித்துவிட்டார். முந்தைய அமெரிக்க வெற்றிக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 41 வயதில் வந்த பட்டம் அது. அவ்வளவு வயதில் அதை அதுவரை எவரும் வென்றதில்லை. அத்துடனும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1938இல், 55 வயதில், அமெரிக்காவின் மூத்த மகளிர் பட்டத்தையும் வென்றார்.