பாதிப் பல்லோடு பதினொரு நாள்

கீழ் இடது பக்கத்து ஞானப்பல் ஒருவழியாக என் வாயை விட்டுப் போய்விட்டது. தையலும் பிரித்தாயிற்று. வலி மறந்துவிட்டது, அலைய விட்டதைத்தான் மறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பம் காது வலி. காதுக்காரரிடம் போனேன், காதில் ஒன்றுமில்லை, பல்லைப் பாருங்கள் என்று அனுப்பினார். அதுவரை சரி.

குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு பல் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய சிரிப்பு. வாய்க்குள் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்து, "கடைசிக்கு முந்தின பல்லுல சொத்தை மேடம், ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம்" என்றார்கள். மூவாயிரம் அட்வான்ஸ் கட்டினேன். இரண்டு முறை உட்கார்ந்து எழுந்த பிறகும் அதே வலி. மூன்றாம் வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுதான் இடைவெளி. இட்லியைப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. கேட்டால், "செட் ஆக டைம் எடுக்கும்."

வேறு இடத்தில் காட்டலாம் என்று எக்ஸ்ரேவைக் கேட்டேன். "ஃபிலிமா வராது மேடம், சிஸ்டம்லதான் இருக்கு." சரி, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "டாக்டர்கிட்ட கேட்டு அனுப்பறோம்." இன்றுவரை வரவில்லை. நான் செய்த முதல் தப்பு இதுதான். காசு கட்டும் அன்றே, அங்கேயே நின்று, படத்தை போனில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் ஷீட்டையும் ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும். வேலை முடியும் வரைக்கும்தான் நாம் மேடம்.

இதற்கு நடுவில் வீட்டில் தனி வைத்தியம். மாமியார் கிராம்பை நசுக்கி வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டது. அவருடைய அக்கா போனில், கண்டங்கத்திரிப் பழத்தைப் போட்டுப் புகை பிடித்தால் பல் பூச்சி பொலபொலவென்று உதிரும் என்றார். இல்லாத பூச்சிக்குப் புகை எதற்கு என்று அதை மட்டும் மறுத்துவிட்டேன். பிடுங்கப் போகிறேன் என்றதும் மாமியார் முகம் மாறிவிட்டது. "பல்ல எடுத்தா கண்ணு மங்கிடும்மா, எங்க சின்னத்தைக்கு அப்படித்தான் ஆச்சு." சின்னத்தைக்கு அப்போது எழுபது வயது.

இரண்டாவது கிளினிக் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பதுதான் அதன் பெருமை. அங்கே வாயைப் பார்த்ததுமே, "இது ஞானப்பல் பிரச்சினை, இப்பவே எடுத்துடலாம்" என்றார் டாக்டர். நோயைச் சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற சந்தோஷத்தில், முழு எக்ஸ்ரே எடுக்காமல் எப்படிப் பிடுங்குவீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது தப்பு.

ஊசி நான்கு போட்டார்கள். உதடு மரத்தது, பல்லடி மரக்கவில்லை. வீங்கிச் சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது என்று எனக்குப் பிறகுதான் தெரியும்; அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது நிமிடம். கணவர் வெளியே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்குச் சரியாகத் தெரியும். நடுவில் கடக் என்று ஒரு சத்தம், மண்டைக்குள் கேட்டது. தட்டில் ஒரு வெள்ளைத் துண்டு விழுந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "மேல் பாதி வந்துடுச்சு. வேர் கொஞ்சம் ஆழம். எங்க சர்ஜன் வியாழக்கிழமை வருவார், அவர் பாத்துப்பார்" என்றார். முழுப் பல்லுக்கு பில்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனால், "சார் இன்னைக்கு வேற பிராஞ்ச்ல இருக்கார், அடுத்த வியாழன் வாங்களேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். வாய் திறக்காமல் அழுவது தனிக் கஷ்டம்.

கணவர்தான் யோசனை சொன்னார்: அவருடைய அப்பாவுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரியில்தானே பல்செட் கட்டினோம், அங்கேயே போவோம். மறுநாள் காலை மின்சார ரயில் ஏறி, பீச்சுக்கு முந்தைய ஸ்டேஷனான கோட்டையில் இறங்கினோம். எதிரிலேயே இருக்கிறது. 1953ல் தொடங்கியது, வெகுகாலம் மாநிலத்தில் அரசுக்கு இருந்த ஒரே பல் மருத்துவக் கல்லூரி இதுதான். இப்போது சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன, அந்தப் பக்கத்துக்காரர்கள் சென்னை வரை வர வேண்டியதில்லை. கூட்டம் இருக்கும், ஆதாரும் பழைய சீட்டுகளும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே முதலில் எடுத்ததே ஓ.பி.ஜி. தலையைச் சுற்றி மெஷின் ஒரு வட்டம் போகும், மேல் கீழ் தாடை மொத்தமும் ஒரே படத்தில் விழும். வாய் அறுவைப் பிரிவில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் டாக்டர் பெண் ஒருத்தி, என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உடைந்த ஞானப்பல் நிற்கவே இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் பல்லைப் பார்த்து முட்டிக்கொண்டு சாய்ந்து படுத்திருந்தது. "இதோ பாருங்கம்மா, இந்த இடுக்குலதான் சாப்பாடு போய்த் தங்கி முன்னால இருக்குற பல்லையும் சொத்தையாக்கியிருக்கு." ஆக, முதல் கிளினிக்காரர் சொன்ன சொத்தை பொய் இல்லை. அதை உண்டாக்கியதை விட்டுவிட்டு அதன் மேல் கேப் மாட்டப் பார்த்தார், அவ்வளவுதான். வேருக்குக் கீழே ஒரு சாம்பல் கோடு. உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு போகும் பாதை. இதைப் பார்க்காமல் நோண்டினால் உதடு மரத்தது மரத்தபடியே நின்றுவிடவும் வாய்ப்பு உண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது நிமிடத்தை நினைத்து வயிறு கலங்கியது.

வீக்கம் அடங்கட்டும் என்று ஐந்து நாளுக்கு அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது மாத்திரை வாயெல்லாம் செம்புக்காசைச் சப்பிய மாதிரி ஆக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்த புதன்கிழமை போனது வீண் நடை, அது முழுக்க என் புண்ணியம். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்று நானே முடிவு செய்துகொண்டு பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போனேன். காலை பி.பி. மாத்திரையையும் விட்டுவிட்டேன். பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 170/100. "யாரும்மா உங்கள சாப்பிடாம வரச் சொன்னது? இது மயக்க மருந்து இல்ல, மரப்பு ஊசிதான். நல்லா சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு நாளைக்கு வாங்க." சர்க்கரை, பி.பி. இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே பல் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

வியாழன் காலை நான்கு இட்லி, மாத்திரை, 140/90. ஊசி இந்த முறை ஒழுங்காகப் பிடித்தது. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, வேரை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. நாற்பது நிமிடம், மூன்று தையல்.

வீட்டுக்கு வந்தும் தப்பு விடவில்லை. பஞ்சை ஒரு மணி நேரம் கடித்தேன், துப்பாமல் எச்சிலை விழுங்கினேன், கன்னத்தில் ஐஸ் வைத்தேன், முதல் நாள் வாய் கொப்பளிக்கவில்லை, மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஆறின ரசம் சாதம், தயிர் சாதம். எல்லாம் சீட்டில் எழுதியபடி. மூன்றாம் நாள் வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கணவர் இளநீர் வாங்கி வந்தார். ஸ்ட்ராவோடு. உறிஞ்சிக் குடித்தேன்.

சீட்டில் நான்காவது வரி: எதையும் உறிஞ்சக் கூடாது.

மறுநாள் இரவு காதுவரை தெறித்த வலி, பல் இருந்தபோதுகூட இல்லை. குழியை மூடியிருந்த ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்றாள் அந்த டாக்டர் பெண். திட்டவில்லை. குழியைக் கழுவி, கிராம்புத் தைல வாசனையோடு ஒரு மருந்துத் திரியை உள்ளே வைத்தாள். வெளியே வந்து ரயில் ஏறுவதற்குள் வலி பாதியாகிவிட்டது. மாமியாரிடம் சொன்னேன், அவருடைய கிராம்புதான் கடைசியில் காப்பாற்றியது என்று. அன்றைக்கு முழுக்க கண்ணைப் பற்றிப் பேசவில்லை.

தையல் பிரிக்கப் போனபோது அதே ஓ.பி.ஜி.யில் வலது பக்கத்தைக் காட்டினாள். அங்கேயும் ஒன்று, அச்சு அசல் அதே மாதிரி படுத்திருக்கிறது. "இதையும் எடுத்துடணுமா?" என்றேன். "வலிக்குதா?" இல்லை. "சாப்பாடு மாட்டுதா?" இல்லை. "அப்ப இருக்கட்டும், ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க." படத்தை போனில் எடுத்துக்கொண்டேன், கணவர் போனுக்கும் ஒரு காப்பி. தெருமுனைக் கிளினிக்கிலிருந்து கேப் போட வரச் சொல்லி மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. மூவாயிரத்தைத் திருப்பிக் கேட்டால்தான் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள்.