லைசென்ஸுக்கு அப்புறமும் ஒரு பரீட்சை: அமெரிக்காவில் முதியோர் மருந்தியல் படிக்கிறேன்

பார்மசிஸ்ட் லைசென்ஸ் வாங்கி இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்காத ஆள் இல்லை. ஆமாம், படிக்கிறேன். பிசிஜிபி என்று இங்கே சொல்வார்கள், முதியோர் மருந்தியலில் சிறப்புச் சான்றிதழ். அது இல்லாமலும் வேலை பார்க்கலாம், வாங்கினால் சம்பளம் உடனே ஏறிவிடும் என்றும் இல்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பிடிபடாமலே இருந்த பல விஷயங்கள் இந்தப் பாடத்தைப் படிக்கும்போதுதான் பிடிபட்டன, அதனால்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

லைசென்ஸ் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் 2001-ல் பி.ஃபார்ம் முடித்தவள். அந்த வருஷம் முக்கியம், ஏனென்றால் 2003 ஜனவரி 1-க்கு முன்பு பட்டம் வாங்கிய வெளிநாட்டுக்காரர்களுக்கு நான்கு வருடப் படிப்பு போதும், அதற்கப்புறம் என்றால் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எனக்கு ஜூனியராகப் படித்தவர்கள், என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், அதே பாடத்தைப் படித்துவிட்டு இங்கே டெக்னீஷியனாகக் கவுன்டரில் நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்களுக்கான எஃப்பிஜிஈஈ தேர்வு எழுதினேன், டோஃபல் ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு 30-க்கு 26 கேட்டார்கள், அதையும் தாண்டினேன், அப்புறம் இன்டர்ன் வேலை, நாப்லெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு. கையில் லைசென்ஸ் வந்ததும் கொஞ்ச காலம் கடையில், பிறகு நர்ஸிங் ஹோம்களுக்கு மருந்து அனுப்பும் ஒரு பார்மசியில் சேர்ந்தேன். அங்கேதான் வயதானவர்களின் மருந்துச் சீட்டுகள் என் மேஜைக்கு வர ஆரம்பித்தன.

இந்த நாட்டு நர்ஸிங் ஹோமில் இருக்கும் ஒவ்வொருவருடைய மருந்துகளையும் மாதம் ஒருமுறையாவது ஒரு பார்மசிஸ்ட் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், இது மத்திய அரசின் விதி. கன்சல்டன்ட் பார்மசிஸ்ட் என்று பெயர். சார்ட்டைத் திறந்து, எந்த மருந்து எதற்காகக் கொடுக்கப்படுகிறது, இன்னும் தேவையா, அளவு சரியா, ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்த்து டாக்டருக்குக் குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்புக்கு டாக்டர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். நான் படித்து வளர்ந்த சூழலில் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக் கொடுப்பதுதான் மருந்துக்காரரின் வேலை, கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. இங்கே கேட்காமல் விட்டால்தான் குற்றம். இந்த மாற்றத்துக்கு நான் பழகவே ரொம்ப நாள் ஆயிற்று.

பாடத்துக்கு வருகிறேன். முதியோர் மருந்தியல் படிக்கிறவர்கள் முதலில் சிறுநீரகத்தைப் படியுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம். லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, 1.0 என்று வந்தால் யாருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நார்மல். சரி, அந்த 1.0 ஒரு 85 வயதுப் பாட்டியுடையது, எடை 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கு 1976-லிருந்து இருக்கிறது, இன்றைக்கும் மருந்தளவுக்கு அதைத்தான் அதிகம் போடுகிறோம்: 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வந்ததால் வகு, பெண் என்றால் 0.85-ஆல் பெருக்கு. பாட்டிக்கு வருவது நிமிடத்துக்குச் சுமார் 29 மில்லி. அதே 1.0 உள்ள 30 வயது, 70 கிலோ இளைஞனுக்குப் போட்டால் 107 வருகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது, பாட்டிக்குத் தசையே இல்லை, அதனால் சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் ஏறுவதில்லை. 30-க்குக் கீழே போய்விட்டால் ரத்தக்கட்டுக்குச் சிகிச்சையாகப் போடும் ஏனாக்ஸபாரின் ஊசியை ஒரு நாளைக்கு ஒரு வேளையாக மாற்ற வேண்டும், நரம்பு வலிக்கான கபாபென்டினைக் குறைக்க வேண்டும், சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு எண்ணைப் பார்த்து நார்மல் என்று நகர்ந்திருந்தால் இத்தனையும் தவறிப் போயிருக்கும்.

அடுத்தது பியர்ஸ் பட்டியல். மார்க் பியர்ஸ் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1991-ல் நர்ஸிங் ஹோமில் இருப்பவர்களுக்காகப் போட்டது, வயதானவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பிக்கிறது, 2023-ல் ஒரு பதிப்பு வந்தது. அதை மனப்பாடம் பண்ணி ஒன்றும் ஆகாது, காரணத்தோடு படித்தால்தான் நிற்கும். உதாரணத்துக்கு டைஃபென்ஹைட்ரமின், அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சீட்டே இல்லாமல் கிடைக்கும். பல வலி மாத்திரைகளின் இரவு வகைகளில் அது ஒளிந்திருக்கும். வயதானவர் சாப்பிட்டால் வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் நின்றுபோகும், தலை குழம்பும். குழப்பத்தைப் பார்த்து மறதி நோய் வந்துவிட்டது என்று பிள்ளைகள் பயந்து டாக்டரிடம் ஓடுவார்கள்.

மருந்தினால் வந்த தொல்லையைப் புது வியாதி என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது, இதை மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம், தேர்வில் விதவிதமாக வரும். நான் நேரில் பார்த்த ஒன்று. பிபிக்கு ஆம்லோடிபின் எடுக்கும் ஒரு பாட்டி. கால் வீங்குகிறது என்று ஃபுரோசமைடு. அதனால் அடிக்கடி பாத்ரூம், வழியிலேயே நனைத்துவிடுகிறார் என்று ஆக்ஸிபியூட்டினின். அப்புறம் பெயர்கள் மறக்கிறது, மதியத்தில் காலையா என்று கேட்கிறார் என்று டோனெபெசில். இதில் கடைசி இரண்டும் வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டைப் பூட்டி எதிரெதிரே ஓட்டியது மாதிரி, டோனெபெசில் மூளையில் ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கூட்டப் பார்க்கும், ஆக்ஸிபியூட்டினின் அதைத் தடுக்கும். சார்ட்டில் தேதிவாரியாகப் பார்த்தால் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஆம்லோடிபினை மாற்றுங்கள், வீக்கம் வடிந்தால் ஃபுரோசமைடை நிறுத்துங்கள், பிறகு மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று எழுதினேன், டாக்டரும் ஒத்துக்கொண்டார். அடுத்தடுத்த மாதக் குறிப்புகளில் நர்ஸ் எழுதியிருந்ததைப் படித்தேன்: வீக்கம் இல்லை, இரவில் எழுவது குறைந்திருக்கிறது, பிங்கோ விளையாட வருகிறார். இந்தத் துறையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கஷ்டம் மருந்தில் இல்லை. மருந்து எங்கேயும் ஒரே மருந்துதான். இந்த நாட்டில் மனிதர்கள் எப்படி வயதாகிறார்கள் என்பது தெரியாமல் இந்தப் பரீட்சையில் பல கேள்விகளைத் தொடவே முடியாது. தனி வீடு, உதவியோடு வாழும் குடியிருப்பு, நர்ஸிங் ஹோம், கடைசிக் காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸ், ஒவ்வொன்றிலும் மாத்திரையை யார் கையில் கொடுப்பார்கள், யார் செலவு செய்வார்கள் என்று தனித்தனி ஏற்பாடு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965-ல் சட்டமானது, ஆனால் அதில் மருந்துக்கான டி பகுதி 2006-ல்தான் நடைமுறைக்கு வந்தது என்று படித்தபோது, நடுவில் இருந்த நாற்பது வருஷம் வயதானவர்கள் மாத்திரைக்கு என்ன செய்தார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். 2023-லிருந்து மெடிகேர் டி-யில் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது, 2025-ல் மருந்துக்குக் கையிலிருந்து கொடுக்கும் தொகைக்கு வருஷத்துக்கு 2,000 டாலர் என்று வரம்பு வந்தது. அதற்கு முன் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டவர்களைக் கவுன்டரில் பார்த்திருக்கிறேன்.

மறதி நோய் உள்ளவர் கத்தினால், எதிர்த்தால், உடனே மனநோய் மருந்தைக் கொடுத்து அடக்குவது ஒரு காலத்தில் நர்ஸிங் ஹோம்களில் சகஜமாக இருந்தது. 1987-ல் வந்த சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. 2005-ல் மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ, மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகைப் புதிய மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று கட்டம் கட்டி எச்சரித்தது, 2008-ல் பழைய மருந்துகளுக்கும் அதையே நீட்டியது. இதைப் படிக்கும்போது எனக்கு வெறும் தேதிகளாகத் தெரியவில்லை. பேச முடியாத ஒருவர் கத்துகிறார் என்றால் வலியா, மலச்சிக்கலா, பசியா, கண்ணாடியைக் காணோமா என்று முதலில் பார் என்பதைச் சட்டம் போட்டு, பட்டியல் போட்டு, பரீட்சையில் கேட்டு ஒரு நாடு சொல்லித்தருகிறது, அது எனக்குப் பெரிய விஷயம்.

ஹாஸ்பிஸ் பற்றிய பகுதிதான் படிக்க மனசுக்குப் பாரமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சான்று சொன்னால் அந்த ஏற்பாட்டுக்குள் போகலாம், அங்கே கொலஸ்டிரால் மாத்திரை, சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஏன் இன்னும் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டியவர் பார்மசிஸ்ட். நம் வீடுகளில் கடைசி நாளில்கூட மாத்திரையை நிறுத்தினால் கைவிட்டுவிட்டோம் என்று ஆகிவிடும். இங்கே முதலில் அவரையே கேட்கச் சொல்கிறார்கள், உங்களுக்கு எது முக்கியம் என்று. பேரன் கல்யாணம் வரை தெளிவாக இருக்க வேண்டும், வலி இருந்தாலும் பரவாயில்லை, மயக்கமாக மட்டும் வைக்காதீர்கள் என்று ஒருவர் சொன்னால் மருந்தளவு அதற்கேற்ப அமைய வேண்டும். எனக்கு இது சரி என்றே படுகிறது, நம் பெரியவர்களையும் யாராவது இப்படிக் கேட்டிருக்கலாமே என்றும் படுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் புத்தகத்தோடு சண்டை. ஞாபக சக்தியைச் சோதிக்கும் எம்எம்எஸ்ஈ-யில் இது எந்தப் பருவம், நீங்கள் இருப்பது எந்த கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று கேட்பார்கள், ஒரு ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த நம் அம்மா ஒருவர், வாரத்து விசேஷங்களும் சொந்தக்காரர் பிறந்த நாட்களும் விரல் நுனியில் வைத்திருப்பவர், கவுன்டியைச் சொல்ல மாட்டார். மதிப்பெண் குறைந்தால் அவருக்கு மறதியா? படிப்பும் மொழியும் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது, ஆனால் அவசரத்தில் அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

எப்படிப் படிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைகள் தூங்கியபின், ஒரு உறுப்பு அல்லது ஒரு பிரச்சினை என்று எடுத்து, அதற்கு அன்றைய சார்ட்டிலிருந்தே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு. கீழே விழுவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமை, நடுக்கம், எலும்புத் தேய்மானம் என்று போகும். புள்ளியியலும் ஆய்வுக் கட்டுரை படிக்கும் பகுதியும் எனக்கு மெதுவாகத்தான் போகிறது, அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள். மதிப்பெண் 200-லிருந்து 800 வரை, 500 வந்தால் தேர்ச்சி. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும், அதை மனதில் வைத்து இறங்குங்கள்.

இந்தப் படிப்பு முதலில் உதவியது என் வீட்டுக்கே. அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வந்தபோது பெட்டியில் பாதி மாத்திரை அட்டைகள். அப்பாவின் சுகர் மாத்திரை கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. அப்பா ஏகாதசிக்கு ஒன்றும் சாப்பிட மாட்டார், மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போடுவார். "அப்பா, சாப்பிடாம இந்த மாத்திரையைப் போட்டா சுகர் இறங்கி மயக்கம் வரும்பா, வயசானவங்களுக்கு அது சட்டுன்னு தெரியவும் தெரியாது" என்றேன். "டாக்டர் ஒரு நாளும் விடக்கூடாதுன்னு சொன்னாரும்மா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே ஊரில் இருக்கும் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினோம், விரத நாளுக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்கினோம், பிறகு கிளிமெபிரைடு இல்லாத மருந்துக்கு அவரே மாற்றிக் கொடுத்தார்.

அதிலிருந்து யாருடைய பெற்றோர் வந்தாலும் ஒன்று சொல்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். பயணிகளுக்கான இன்ஷூரன்ஸ் பழைய வியாதிகளுக்குப் பெரும்பாலும் கைகொடுக்காது, கிரீன் கார்டில் வந்தாலும் 65 வயதுக்கு மேற்பட்டவர் தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கே வாழ்ந்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அதனால் கிளம்பும் முன்பே மருந்தின் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள், ஊரில் உள்ள கூட்டு மாத்திரைகள் பல இங்கே அதே பெயரில் இல்லை. சமீபத்திய கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் உடல் எடையும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும். வந்து இறங்கியதும் தூக்கத்துக்கு, சளிக்கு என்று நீங்கள் இங்கே கடையில் வாங்கிக் கொடுக்கும் எதையும் அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுக் கொடுங்கள், டைஃபென்ஹைட்ரமின் என்று இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.