மரை தெரிந்தவனின் கடைவாய்ப் பல்

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையில் 22 ஆண்டுகள் கடைசல் இயந்திரம் ஓட்டியவன் நான். கண்ணாடிபோல் பளபளக்கக் கடைந்து கொடுத்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி. கீழ்க் கடைவாயில் பல் போன இடத்தில் பொருத்தப்போகும் டைட்டானியத் திருகாணியை டாக்டர் காட்டியபோது முகம் சுளித்தேன். சாம்பல் பூத்து, சொரசொரவென்று இருந்தது. "இதற்கா இத்தனை வெள்ளி?" என்று கேட்டும்விட்டேன்.

அவர் சிரித்தார். "அங்கிள், பெயிண்ட் அடிக்குமுன் கப்பல் இரும்பை என்ன செய்வீர்கள்?"

துகள் வீசிச் சொரசொரப்பாக்குவோம். வழுவழுப்பில் பெயிண்ட் நிற்காது. திருகாணிக்கும் அதே வைத்தியம்தான், கூடவே அமிலத்திலும் அரித்திருக்கிறார்கள். அந்த மேடுபள்ளத்தில் இரத்தம் உறைந்து நார்நாராகப் பற்றுகிறது. நாரைப் பிடித்தபடி எலும்பு அணுக்கள் வந்து, உலோகத்தின் மேலேயே எலும்பு கட்டத் தொடங்குகின்றன. வழுவழுப்பானால் நார் கழன்றுவிடும். குழியின் சுவரிலிருந்துதான் எலும்பு மெல்ல வளர்ந்து வர வேண்டும். சுவீடனின் பிரோனிமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தது வழுவழுப்பான ரகம். அந்த ரகத்துக்கு 3 முதல் 6 மாதம் காத்திருப்பார்களாம். இப்போது 6, 8 வாரம்கூடப் போதும் என்றார். எனக்குச் சர்க்கரை இருப்பதால் 3 மாதம்.

அறுவை ஆடி மாதத்தில். அம்மாவுக்கு அதில்தான் மனத்தாங்கல். செலவில் ஒரு பகுதி மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்பிலிருந்து போனது.

துளையிடும்போது உப்புநீர் பாய்ந்துகொண்டே இருந்தது. 47 டிகிரிச் சூடு ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு கெட்டுவிடுமாம். துளை திருகாணியைவிடச் சற்றே சிறிது, மரை இறுக்கிக் கவ்வுவதற்காக. முறுக்கு விசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்ததில் டாக்டருக்குத் திருப்தி. தின்கிற முறுக்குக்குத் தீபாவளி வரை தடை.

நான்காம் வாரம், காப்பிக்கடையில் மீ கோரிங் சாப்பிடும்போது ஏதோ ஆடுவது நாக்கில் தட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்து என் சிறிய ஸ்பானரைத் தேடினேன். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு, "மரை கழன்றது பல்லுக்கா, உங்களுக்கா அப்பா?" என்றாள்.

கழன்றது திருகாணியின் மேல்மூடி மட்டும்தான். டாக்டர் அதைத் திருகி எடுத்துவிட்டு, ஒரு கருவியால் திருகாணியின் பிடிப்பை 100 வரையிலான அளவில் அளந்தார். அறுவை நாளில் 72 இருந்தது 65 ஆகியிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. மரை கவ்விய பழைய எலும்பை உடல் கரைக்கிறது, புது எலும்பு இன்னும் முற்றவில்லை, இந்த இடைவெளியில் பிடி தளர்வது வழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் கஞ்சியைக்கூட விடவில்லை.

அக்டோபரில் பிடிப்பு 77. பல் மூடி பொருத்த உட்கார்ந்தபோது கண்ணாடியில் காட்டினார். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதி மட்டும் பளபளவென்று கடைந்திருந்தது. அங்கே சொரசொரப்பு இருந்தால் அழுக்கும் கிருமியும் ஒட்டும், எலும்பு கீழே இறங்கிவிடும் என்றார். நம் வேலைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்களே என்று வாயைத் திறந்தபடியே தலையாட்டினேன்.