பூச்சி மாத்திரையும் 11.8 கிலோவும்: பாலக்கோடு பக்கத்து அங்கன்வாடி நாட்குறிப்பு

பிப்ரவரி 5
இன்று எடை போட்டேன். மற்ற பிள்ளைகள் கொஞ்சமாவது ஏறியிருக்கிறார்கள், இந்தப் பொண்ணு மட்டும் மூன்று மாதமாக 11.8-லேயே நிற்கிறாள். போன மாதம்தான் 4 வயது முடிந்தது. அந்த வயதுப் பெண் குழந்தை 16 கிலோ வாக்கில் இருக்க வேண்டும், 12.3-க்குக் கீழே போனால் எடைக்குறைவுக் கணக்கு. உயரமும் 92 செ.மீ.தான். சத்துமாவு உருண்டை தின்கிறாள், முட்டையை விடுவதே இல்லை, தின்பதெல்லாம் எங்கேதான் போகிறது?

சிலேட்டுக் குச்சி டப்பா ஏன் சீக்கிரம் காலியாகிறது என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மூடிய கையைப் பிரித்தால் பாதி கடித்த குச்சி, உதட்டோரம் வெள்ளை.

பிப்ரவரி 6
பாட்டியை வரச் சொன்னேன். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இவர்தான் வளர்க்கிறார். "ராத்திரில பல்ல நறநறன்னு கடிக்குது டீச்சர், வெல்லமா தின்னுது, அதான் பூச்சி வெச்சிருக்கு" என்றார். வெல்லத்தால் பூச்சி வராது என்று என் மாமியாரையே நம்ப வைக்க முடியவில்லை, இவரை எங்கே!

பூச்சி மண்ணிலிருந்துதான் வருகிறது. ஒரு பெண் உருண்டைப்புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். வெளியே போகிற மலத்தோடு அது மண்ணில் கலந்து, நகக்கண் வழியாகவும் கழுவாத காய் வழியாகவும் வாய்க்கு வந்துவிடும். கொக்கிப்புழுவுக்கு வாய்கூட வேண்டாம். வெறுங்காலில் துளைத்து ஏறி, நுரையீரல் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு குடலுக்கு இறங்கி அங்கே கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது, புரதமும் போகிறது. இரும்புச்சத்து இறங்கினால் மண்ணும் குச்சியும் தின்னத் தோன்றும், மண்ணைத் தின்றால் மறுபடியும் புழு முட்டை.

அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடக்கிறது.

பிப்ரவரி 10
குடற்புழு நீக்க நாள். அல்பெண்டசோல் 400 மி.கி., 1 முதல் 2 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி, பொடித்துத் தண்ணீரில் கலந்து. வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, என் கண் முன்னாலேயே மென்று விழுங்க வேண்டும். அப்படியும் ஒருவன் கன்னத்தில் ஒதுக்கிவைத்து முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டான், பிடித்து வந்து வேறு மாத்திரை கொடுத்தேன். காய்ச்சலில் இருந்த இரண்டு பேருக்கு 17-ஆம் தேதி.

பிப்ரவரி 12
பாட்டி பூவரச இலையில் சுருட்டி எடுத்துவந்து "பாரு டீச்சர்" என்று விரிக்கிறார், நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது! ஒரு ஜாண் நீளம், பழுப்பும் ரோஸுமாக, மண்புழு மாதிரியே. இந்த உருண்டைப்புழுக்கள் வயிற்றுக்குள் குட்டி போட்டுப் பெருகுவதில்லை, ஒவ்வொன்றும் ஒரு முட்டையாக உள்ளே போனதுதான். அப்படியானால் இவள் எத்தனை முட்டை விழுங்கியிருப்பாள்? இன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 5
11.9. நான் ஒரு கிலோவாவது எதிர்பார்த்தேன், அது என் அசட்டுத்தனம். உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள், எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அங்கே பிள்ளைகளுக்குப் புழு குறைவு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இவளுக்குப் போலப் புழு நிறைய இருந்தால் கதை வேறு. ஆனாலும் மாத்திரை புழுவைத்தான் வெளியேற்றும், கொக்கிப்புழு குடித்த ரத்தத்தைத் திருப்பித் தராது. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.9, இவள் வயதில் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார்கள். காலையில் பாட்டி ஊட்டுகிற களியோடு முருங்கைக்கீரையும் சேர்க்கச் சொன்னேன்.

ஜூன் 18
போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். கழிப்பறை இருக்கிறது, கட்டி ஐந்து வருடம் ஆகிறது, உள்ளே தக்காளிக் கிரேடும் விறகும். "இவ்ளோ நல்ல ரூம்ல எப்படி டீச்சர் போறது" என்கிறார் பாட்டி. திருவிழாவுக்கு வந்திருந்த அம்மாவிடம் கொஞ்சம் காட்டமாகவே சொல்லிவிட்டேன். விறகு மறுநாள் வெளியே வந்ததாம், கிரேடு இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 10
இரண்டாவது சுற்று மாத்திரை. எடை 12.7, வயதுக்கு இன்னும் குறைவுதான், ஆனால் குச்சி டப்பா தப்பித்தது. அம்மா பெங்களூரிலிருந்து சிவப்புச் செருப்பு வாங்கி அனுப்பியிருக்கிறார். அங்கன்வாடிக்குப் போட்டுக்கொண்டு வருகிறாள், வெளிக்கு இருக்கக் காட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றித் திண்ணையில் வைத்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், புதுசாம், அழுக்காகிவிடுமாம்.