45-ம் நாள் ஊசியோடு அம்மாவுக்கும் ஒரு டெஸ்ட்

கர்ப்பத்தில் வந்த சுகர், பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்தவை நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள். அது வெளியேறியதும் தடை விலகுகிறது. ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கும். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்ற பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம்.

ஆகவே பிரசவமாகி 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் அவசியம். நம்ம பக்கம் இது தவறுவது ஏன் தெரியுமா? தலைப்பிரசவம் பாளையங்கோட்டையில், அம்மா வீட்டில். மூணாம் மாசம் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போயாச்சு. ஃபைல் இங்கே, ஆள் அங்கே. பிள்ளைக்கு 45-ம் நாள் ஊசியை யாரும் மறப்பதில்லை. அந்த வாரத்திலேயே அம்மாவுக்கும் பார்த்துவிடுங்கள்.

எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு, குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5–10 நிமிடத்தில் குடிக்க வேண்டும். பிறகு 2 மணி நேரம் உட்கார்ந்தே இருக்கணும். பால் கொடுக்கலாம், பிள்ளையைத் தூக்க ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். அரை மணிக்குள் வாந்தி வந்தால் டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள்தான். 2 மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 140–199 எச்சரிக்கை, 200-ஐ எட்டினாலோ வெறும் வயிற்றில் 126-ஐ எட்டினாலோ டாக்டர் மறுபடி பார்த்து உறுதிசெய்வார். சுகரின் மூணு மாச சராசரியைக் காட்டும் டெஸ்ட் (HbA1c) இந்த நேரத்தில் நம்பத்தக்கதல்ல. பிரசவ ரத்த இழப்பும் ரத்தசோகையும் அதைத் திரித்துவிடும்.

சுகர் திரும்பாமலிருக்க எடையும் முக்கியம், அதற்கு வருவோம். உளுந்தங்களியை நிறுத்தச் சொல்லவே மாட்டேன். கறுப்பு உளுந்தின் புரதமும் நாரும் இந்த உடம்புக்குத் தேவை. சிக்கல் கருப்பட்டியில்: 50 கிராமில் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை, அது வெள்ளைச் சீனியைப் போலவேதான் ரத்தத்தில் ஏறும். நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. கருப்பட்டியைப் பாதியாக்கி, எண்ணெயை அளந்து ஊற்றி, சிறு உருண்டையோடு நிறுத்தினால் போதும். உளுந்தஞ்சோற்றில் அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டுங்கள். எள்ளுத் துவையலோடு ஒரு முட்டை. பால் கொடுக்கும்போது பட்டினி கூடாது. வாரம் அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். வயிற்றுக் கட்டு கொழுப்பைக் கரைக்காது. டாக்டர் அனுமதித்ததும் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேர நடை அந்த வேளைச் சுகரையே இறக்கும். இடுப்பளவு 80 செ.மீ.க்குள் வரணும்.

டெஸ்ட் நார்மல் என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு முயலும் முன்பும் பார்க்கணும்: சிசுவின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது, கர்ப்பம் என்றே பலருக்கும் தெரியாத முதல் வாரங்களில். அப்போது சுகர் கூடியிருந்தால் அவற்றைப் பாதிக்கலாம்.