காற்றில்லாத ஊரில் காற்றாலைப் பாடம்

சிங்கப்பூரில் மின்திறன் பொறியியல் மாணவர்களுக்குக் காற்றாலை ஆய்வுக்கூடம் அமைக்கப் போகிறீர்களா? முதலில் மொட்டைமாடியை மறந்துவிடுங்கள். கம்பம் நட அனுமதி கேட்டால் கட்டடப் பிரிவில் கூரையின் பாரக் கணக்கு கேட்பார்கள். கொடுத்தால் இடிதாங்கி வரைபடம். அதையும் கொடுத்தால், "இது பழைய படிவமாச்சே!" எங்கள் ஒரு பருவம் முழுக்க அந்த மேசையிலேயே போயிற்று.

அனுமதி கிடைத்திருந்தாலும் பயனில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். இங்கே சராசரிக் காற்று நொடிக்குச் சுமார் 2 மீட்டர். 1 மீட்டர் விட்டமுள்ள சுழலியின் மீது படும் காற்றில் இருப்பதே 3.7 வாட், திறன் கெழு, அதாவது அதில் சுழலி பிடிக்கும் பங்கு, 0.3 என்றால் தேறுவது 1.1 வாட். முனைவேக விகிதம் 5 என்றால், அதாவது இறக்கை நுனி காற்றைவிட 5 மடங்கு வேகமாகப் போனால், நிமிடத்துக்கு 190 சுற்றுதான். பெரும்பாலான சிறு ஜெனரேட்டர்கள் அந்த வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியையும் டயோடுகள் விழுங்கும் 1.4 வோல்ட்டையும் தாண்டாது. 8 மீட்டர் காற்றில் இதே சுழலிக்கு 64 மடங்கு திறன் உண்டு, ஆனால் அதற்குத் தமிழ்நாட்டில் காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போக வேண்டும். மேசை விசிறியை எதிரே வைப்பதும் வேண்டாம். அதன் காற்று சுழன்று வரும், எந்த அளவீடும் நிலைக்காது.

காற்றுக்குப் பதில் மோட்டார். டிரைவில் (மோட்டாரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ஓடும் 1.5 கிலோவாட் மோட்டாரை நிரந்தரக் காந்த ஜெனரேட்டரோடு இணைத்தால் போதும். கொள்முதல் படிவத்தில் 'வெக்டர் கன்ட்ரோல், டார்க் மோடு' என்று கட்டாயம் எழுதுங்கள்; வேகத்தை அல்ல, டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, கட்டுப்படுத்தும் முறை அது. இல்லாவிட்டால் குறைந்த விலைக்காரர் சாதாரண டிரைவைத் தள்ளிவிடுவார். அதில் வேகத்தை மட்டுமே பிடித்து வைக்கலாம்; லோடு ஏறினாலும் சுற்று பெரிதாகக் குறையாது, மாணவர் எதையும் பார்க்க முடியாது. டார்க் மோடில், அந்தந்த வேகத்தில் காற்றாலைச் சுழலி தரும் டார்க்கையே மோட்டாரும் தரும்படி அமைத்தால், ஜெனரேட்டரில் லோடாக மாட்டிய மின்தடையைக் குறைக்கக் குறைக்கத் திறன் ஏறி, உச்சம் தொட்டு, சரிந்து, சுழற்சி ஏறக்குறைய நின்றே போகும். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது அந்த இடத்தைத்தான்.

ஆனால் லோடு கழன்றால் மோட்டார் தறிகெட்டு ஓடும். உச்ச வேக வரம்பை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சாக்கெட்டில் டிரைவைச் செருகினால், டிரைவில் மின் இரைச்சலை அடக்கும் ஃபில்டரின் கசிவு மின்னோட்டமே அதை டிரிப் ஆக்கிவிடலாம். ஆர்சிசிபியை மாற்றிப் பார்த்துக் காசைக் கரைக்காதீர்கள், பழுது அதில் இல்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி ஐசொலேட்டரில் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரைவை நிலையாக இணைக்க வேண்டும். அவர் கையெழுத்து வர நாளாகும், முதல் வாரமே கேளுங்கள்.

மோட்டாரையும் ஜெனரேட்டரையும் இணைக்கும் கப்ளிங்குக்கு மூடி போடாமல் பாதுகாப்பு ஆய்வுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.